வள்ளி திருமணம் விடிய விடிய பார்த்திருக்கீங்களா? அப்போ ஆர்.பி.ஜி உங்களுக்குப் பாதி தெரியும்!

ஃப்ரெண்டு ஒருத்தன் 'செம கேம் மச்சி, ஆடிப் பாரு'ன்னு லிங்க் அனுப்புவான். நம்பி டவுன்லோடு போடுவீங்க. ஒன்றரை நாள் டேட்டா காலி. திறந்ததும் 'உங்கள் ஹீரோவை உருவாக்குங்கள்' என்று ஒரு ஸ்கிரீன். மூக்கு நீளத்தில் ஆரம்பித்து மந்திர சக்தி வரை இருபது ஆப்ஷன். அதைத் தாண்டினால் தாடி வைத்த கிழவர் ஒருவர் மூன்று பக்கம் இங்கிலீஷ் பேசுவார். அதையும் தாண்டினால் ஒரு ஓநாய் வந்து உங்களைக் கடித்துக் கொன்றுவிடும். அரை மணி நேரம் முடிவதற்குள் அன்-இன்ஸ்டால். 'இதெல்லாம் நமக்கு செட் ஆகாது பாஸ்.'

நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு தடவை இல்லை, மூணு தடவை. அப்புறம்தான் புரிந்தது, நான் கேமைத் தப்பான பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தேன் என்று. ரோல்-பிளேயிங் கேம், சுருக்கமாக ஆர்.பி.ஜி, விதிமுறைகளை மனப்பாடம் பண்ணிவிட்டு ஆடுகிற ஆட்டமே கிடையாது. உங்களுக்கு ஒரு வேஷம் கொடுப்பார்கள். அந்த வேஷத்தில் நின்றுகொண்டு 'இப்போ நான் என்ன பண்ணுவேன்?' என்று யோசிக்கணும். அவ்வளவுதான் நுழைவுச்சீட்டு. இந்த விஷயத்தில் புதுக்கோட்டைப் பக்கத்துப் பசங்களுக்கு மத்த ஊர்க்காரர்களைவிட ஒரு படி கூடுதல் அனுகூலம் இருக்கிறது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

ஒரே மாதம் பிறந்தவங்க

முதலில் ஒரு தற்செயல். திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து புதுக்கோட்டை மாவட்டம் உருவானது 1974 ஜனவரி 14-ல். அதே 1974 ஜனவரியில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்கிற சின்ன ஊரில், கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு பேர் உருவாக்கிய விளையாட்டு ஒன்று வெளியானது. ஒரு அட்டைப்பெட்டி, உள்ளே மூன்று சின்னப் புத்தகங்கள். முதல் தடவை அச்சடித்தது 1,000 பிரதி. பெயர் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்'. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பசங்க பேஸ்மென்ட்டில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவார்களே, அதேதான்.

இன்றைக்கு நம்ம போனிலும் கம்ப்யூட்டரிலும் இருக்கிற ஆர்.பி.ஜி-க்கள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இந்தப் பெட்டிதான் தாத்தா. லெவல், ஹெச்.பி, எக்ஸ்.பி, 'நீ போர்வீரனா, மந்திரவாதியா' என்கிற கேள்வி எல்லாம் அங்கிருந்து கிளம்பி வந்தவை. அதனால் மேஜையில் ஆடுவதை ஒருமுறை புரிந்துகொண்டால், வீடியோ கேமின் அந்த பயமுறுத்தும் ஸ்கிரீன் தானாகவே அடங்கிவிடும். 2023-ல் வந்து உலகம் முழுக்கப் பேசப்பட்ட 'பால்டர்ஸ் கேட் 3' கேமில் கதவைத் திறக்கவும் காவலாளியை ஏமாற்றவும் ஸ்கிரீனிலேயே ஒரு இருபது முகப் பகடை உருளும். மேஜை ஆட்டத்தின் பகடைதான் அது.

மேஜை ஆட்டம் எப்படி நடக்கும்? நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருத்தர் மட்டும் கதையை நடத்துபவர். 'டன்ஜன் மாஸ்டர்' என்பார்கள். மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம். நடத்துபவர் சூழ்நிலையைச் சொல்வார். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று வாயால் சொல்வீர்கள். முடிவு சந்தேகமாக இருக்கிற இடத்தில் மட்டும் பகடை உருட்டுவீர்கள். போர்டு கட்டாயமில்லை, காய் கட்டாயமில்லை. ஜெயிக்கிறது, தோற்கிறது என்கிற கணக்கும் பெரும்பாலும் இல்லை.

ரிகர்சல் இல்லாத நாடகம்

இதைப் படிக்கும்போது உங்களுக்கு எதாவது ஞாபகம் வருதா? எனக்கு வந்தது, கோயில் திருவிழா.

புதுக்கோட்டை, மதுரை, காரைக்குடி வட்டாரத்துத் திருவிழாக்களில் 'ஸ்பெஷல் நாடகம்' போடுவார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867 - 1922) வழி வந்த இசை நாடக மரபு. அதிலும் வள்ளி திருமணத்துக்குத்தான் மவுசு. ராத்திரி பத்து மணிவாக்கில் ஆரம்பித்து விடியும்வரை ஓடும். பாதி ஊர் பாயை விரித்து மேடைக்கு முன்னால் தூங்கும், பஃபூன் வரும்போது மட்டும் எழுந்திருக்கும். சின்ன வயசில் நானும் அந்தப் பாதி ஊரில் ஒருத்திதான்.

ரொம்ப நாளைக்கு எனக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. அந்த மேடையில் நிற்கிற நடிகர்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள் இல்லை. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து. ஒவ்வொருவரையும் தனித்தனியாக 'புக்' பண்ணியிருப்பார்கள். அன்றைக்கு ரிகர்சல் கிடையாது, டைரக்டர் கிடையாது. மேக்கப் போடுகிற இடத்தில்தான் 'இன்னைக்கு நாரதர் நீங்களா?' என்று பார்த்துக்கொள்வதுகூட நடக்கும். கதை எல்லோருக்கும் தெரியும். தினைப்புனம் காக்கிறாள் வள்ளி, நாரதர் வருவார், முருகன் வேடனாக வருவார், கிழவனாக வருவார், யானை வந்து பயமுறுத்தும். ஆனால் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கிற அந்தத் தர்க்கம் இருக்கிறதே, அது எவ்வளவு நேரம் ஓடும், யார் எந்தக் கேள்வியால் யாரை மடக்குவார் என்பது அந்த ராத்திரிதான் முடிவாகும்.

யார் என்ன வேஷம் என்று தெரியும். கதை எங்கே போகும் என்று தோராயமாகத் தெரியும். நடுவில் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. இதுதாங்க ஆர்.பி.ஜி.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அந்த நடிகர்கள் சும்மா வந்து அடித்துவிட்டுப் போகிறவர்கள் இல்லை. வருஷக்கணக்காகப் பாட்டும் வசனமும் பாடமாக்கி வைத்திருப்பதால்தான் மேடையில் அவ்வளவு சுதந்திரம். நீங்களும் நானும் அந்த அளவுக்கு மெனக்கெட வேண்டியதில்லை. நமக்கு எதிரில் உட்கார்ந்திருப்பது கூட்டம் இல்லை, நாலு கூட்டாளிகள். ஆனால் அவர்களிடமிருந்து சுடக்கூடிய ஒரு பாடம் உண்டு. புதிதாக வருகிற நடிகர் எல்லாருடைய வசனத்தையும் படித்துக்கொண்டு நிற்பதில்லை, முதலில் தன் பார்ட்டைப் பிடித்துக்கொள்கிறார்.

அந்தப் பயமுறுத்தும் தாள்

மேஜையிலும் சரி, போனிலும் சரி, புதியவர்களை விரட்டுவது 'கேரக்டர் ஷீட்'தான். பார்க்க பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் மாதிரியே இருக்கும். உண்மையில் அதுவும் ஒரு மார்க் ஷீட்தான். டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸில் ஆறு பாடம்: உடல் வலு, சுறுசுறுப்பு, தாங்கும் சக்தி, அறிவு, விவேகம், வசீகரம். அறிவுக்கும் விவேகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று எல்லாரும் கேட்பார்கள். பரீட்சையில் 95 வாங்குவது அறிவு. ரிசல்ட் வந்த அன்றைக்கு சொந்தக்காரர்கள் வீட்டுப் பக்கம் போகாமல் இருப்பது விவேகம்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். சாதாரண மனுஷனுக்கு 10. மதிப்பெண்ணிலிருந்து 10-ஐக் கழித்து அதில் பாதியை எடுத்துக்கொண்டால், அதுதான் உங்கள் போனஸ். உடல் வலு 16 என்றால் போனஸ் 3. அவ்வளவுதான் கணக்கு.

இப்போது திருமயம் கோட்டைக்கு வாங்க. ராமநாதபுரம் சேதுபதி 1687-ல் கட்டியது. ராத்திரி நேரம், நீங்கள் மதில் ஏறி உள்ளே குதிக்கணும். நடத்துபவர் 'இது நடுத்தரக் கஷ்டம், இலக்கு 15' என்கிறார். நீங்கள் இருபது முகப் பகடையை உருட்டுகிறீர்கள். வந்த எண்ணோடு உங்கள் போனஸ் 3. மொத்தம் 15 அல்லது அதற்கு மேல் வந்தால் ஏறிவிட்டீர்கள். அதாவது பகடையில் 12 முதல் 20 வரை எது விழுந்தாலும் சரி. ஒன்பது எண்கள், 45 சதவிகிதம். ஏறுவதில் பயிற்சி உள்ள பாத்திரம் என்றால் ஆரம்ப நிலையில் இன்னும் 2 சேரும், 55 சதவிகிதம். கூட்டாளி ஒருத்தர் கீழிருந்து தோள் கொடுத்தால் இரண்டு தடவை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி உண்டு. பயிற்சி இல்லாத ஆளுக்கே வாய்ப்பு சுமார் 70 சதவிகிதத்துக்கு ஏறிவிடும்.

கவனிச்சீங்களா? பயிற்சி கொடுத்தது 10 சதவிகிதம். கூட்டாளி கொடுத்தது 25. புதியவர்கள் தாளில் எண்ணை ஏற்றுவதற்கு மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். பக்கத்தில் இருப்பவனிடம் 'ஒரு கை கொடுடா' என்று கேட்பது அதைவிடப் பெரிய பலம்.

விதிகளுக்கு காசு கொடுக்கவும் வேண்டாம். இந்த ஆட்டத்தின் அடிப்படை விதித் தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக விட்டுவிட்டார்கள். இருபது முகப் பகடை நம்ம ஊர் கடையில் கிடைக்காது, சரி. கூகுளில் பகடை உருட்டச் சொல்லித் தேடினால் நாலு முகத்திலிருந்து இருபது முகம்வரை போனிலேயே உருட்டிக் கொடுக்கும். ஆனால் எங்கள் வீட்டில் அதைவிட நல்ல வழி கிடைத்தது, கடைசியில் சொல்கிறேன்.

போனில் முதல் அரை மணி நேரம்

இப்போ போனுக்கு வருவோம், பெரும்பாலானவர்கள் ஆரம்பிக்கப்போவது அங்கேதான்.

முதல் விஷயம், பெரிய கேமில் ஆரம்பிக்காதீங்க. பால்டர்ஸ் கேட் 3-க்கு கம்ப்யூட்டரில் 150 ஜி.பி இடம் வேண்டும். நம்ம லேப்டாப்பைக் கேட்டாலே அது அழுதுவிடும். அதை யாராவது யூடியூபில் ஆடுவதைப் பார்த்து ரசிக்கலாம், தப்பே இல்லை. ஆண்ட்ராய்டில் என் சிபாரிசு 'ஷேட்டர்டு பிக்சல் டன்ஜன்'. இலவசம், விளம்பரம் கிடையாது, நெட் இல்லாமலே ஓடும். பஸ் சிக்னல் இல்லாத ரோட்டில் போகும்போதுகூட ஆடலாம். பார்க்க பழைய பட்டன் போன் கேம் மாதிரி இருக்கும், அதில் ஏமாந்துவிடாதீர்கள்.

அதில் போர்வீரனை எடுங்கள். எந்த ஆர்.பி.ஜி-யாக இருந்தாலும் முதல் ஆட்டத்துக்குப் போர்வீரன்தான். மந்திரவாதியை எடுத்தால் முப்பது மந்திரத்தைப் படிக்கணும். போர்வீரனுக்கு ஒரே வேலை, கிட்டப் போய் அடிக்கணும். ஆட்டம் எப்படி நகர்கிறது என்று புரிந்த பிறகு மந்திரவாதி வரட்டும். லெவல் ஏறும்போது எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழம்பினால், நீங்கள் ஏற்கெனவே எதை அடிக்கடி செய்கிறீர்களோ அதையே பலப்படுத்துங்கள். எல்லாவற்றிலும் ஒவ்வொன்று போட்டால் எதற்கும் உதவாத ஆளாக நிற்பீர்கள். ஊரில் எல்லா கோர்ஸும் பாதி பாதி முடித்த அண்ணன் ஒருத்தர் இருப்பாரே, அப்படி.

திரையில் முதல் நாளில் மூன்றைத்தான் கண்டுபிடிக்கணும். உயிர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எங்கே காட்டுகிறது, பை எங்கே இருக்கிறது, சேவ் எப்படி நடக்கிறது. மத்த இருபது பட்டனும் தானாக ஒவ்வொன்றாகப் புரியும். கஷ்டத்தைக் குறைக்கும் ஆப்ஷன் இருக்கிற கேமில் 'ஈஸி'யை வைப்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

அப்புறம் இந்த மருந்து பாட்டில்கள். ஷேட்டர்டு பிக்சல் டன்ஜனில் பாட்டிலின் நிறம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மாறும். சிவப்பு பாட்டில் இந்தத் தடவை உயிர் கொடுக்கும், அடுத்த தடவை தீப்பிடிக்கவைக்கும். குடித்துப் பார்த்தால் தெரியும். புதியவர்கள் எல்லாரும் பண்ணுகிற தப்பு, குடிக்காமல் சேர்த்து வைப்பது. அம்மா ஷோகேஸில் வைத்திருக்கிற அந்த நல்ல எவர்சில்வர் டிபன் கேரியர் மாதிரி, 'அவசரத்துக்கு ஆகும்' என்று வைத்திருந்து, பதினேழு பாட்டிலோடு செத்துப்போவார்கள். நானும் போயிருக்கேன். உயிர் நிறைய இருக்கும்போது, எதிரி யாரும் இல்லாத இடத்தில், பக்கத்தில் தண்ணீர் இருந்தால் அதில் நின்றுகொண்டு குடித்துப் பாருங்கள். தீப்பிடித்தாலும் சமாளிக்கலாம்.

ஆமாம், சாவீர்கள். இந்த கேமில் செத்தால் முதலிலிருந்துதான். முதல் பத்து ஆட்டம் அஞ்சாவது மாடியைத் தாண்டாது. அதைத் தோல்வி என்று நினைத்தால் போச்சு. ஒவ்வொரு தடவையும் 'எதனால் செத்தேன்' என்று ஒரே ஒரு காரணத்தை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். எலியை ரூமுக்கு நடுவில் நின்று அடித்ததால் நாலு பக்கமும் சூழ்ந்துவிட்டதா? அடுத்த தடவை வாசற்படியில் நின்று அடிப்பீர்கள். ஒவ்வொன்றாகத்தான் வரும். அந்த 'ஆர்.பி.ஜி மூளை' என்பது இப்படி வந்ததுதான்.

இங்கிலீஷ் பிரச்னை நிஜம். கதை நிறைந்த கேம்களில் பக்கம் பக்கமாகப் பேசுவார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால் தமிழில் காட்டும். தமிழ் கொஞ்சம் நொண்டும், ஆனால் கிழவர் என்ன கேட்கிறார் என்று புரிந்துவிடும். எல்லாப் பேச்சும் முக்கியமில்லை. குவெஸ்ட் பட்டியலில் ஒற்றை வரியில் 'எங்கே போகணும், என்ன கொண்டுவரணும்' என்று எழுதியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

காசு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்க. 'இலவசம்' என்று வருகிற பெரிய மொபைல் ஆர்.பி.ஜி-க்கள் பலவற்றில் புது ஹீரோவை லாட்டரி மாதிரி குலுக்கித்தான் எடுக்கணும். குலுக்க ரத்தினம் வேண்டும், ரத்தினத்துக்கு யு.பி.ஐ. பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு அல்லது கைரேகை கேட்கும்படி வைத்துவிட்டு அப்புறம் ஆடுங்கள். தம்பி, தங்கை கையில் போன் போகிற வீட்டில் இது கட்டாயம்.

வாளும் டிராகனும் அலுத்துவிட்டதா? பைரோடாக்டைல் என்ற இந்திய ஸ்டூடியோ 2014-ல் 'அன்ரெஸ்ட்' என்று ஒரு ஆர்.பி.ஜி வெளியிட்டது. பழங்கால இந்தியா மாதிரி ஒரு நகரம், பஞ்ச காலம். சண்டை ரொம்பக் குறைவு. பெரும்பாலும் பேசித்தான் பிழைக்கணும். அதில் ஒரு பாத்திரம், பிடிக்காத கல்யாணம் நிச்சயமான கிராமத்துப் பெண். எந்த டிராகனைவிடவும் அது பயமா இருந்துச்சு எனக்கு. டொரான்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட 'வெண்பா' ஆர்.பி.ஜி இல்லை, சமையல் கதை. ஆனால் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் அம்மாவாக இருந்து இட்லி ஊற்றுவதும் வேஷம் கட்டுவதுதானே? 2024-ல் அதற்கு பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதும் கிடைத்தது.

மொட்டை மாடியில் ஒரு தோல்வி

சொல்லாமல் விட்ட கதைக்கு வருகிறேன். போன வருஷம் லீவில் ஊருக்குப் போனபோது, சித்தி பையன், அத்தை பொண்ணு, பக்கத்து வீட்டுத் தம்பி மூன்று பேரையும் மொட்டை மாடியில் உட்காரவைத்து மேஜை ஆட்டம் ஒன்று நடத்தினேன். நடத்துபவர் நான். எட்டுப் பக்கத்துக்கு ராஜ்யத்தின் வரலாறு எழுதி வைத்திருந்தேன். திருமயம் கோட்டைக்குள் ஒரு ஓலையைக் கொண்டுசேர்க்கணும், இதுதான் கதை.

இரண்டாவது பக்கம் வாசிக்கும்போதே சித்தி பையன் கொட்டாவி விட்டான். கோட்டைக்கு வெளியே ஒரு ஆடு மேய்கிறது என்று சும்மா ஒரு வர்ணனைக்குச் சொன்னேன். அவ்வளவுதான்.

"அக்கா, அந்த ஆட்டைப் பிடிக்கலாமா?"

"பிடிச்சு என்னடா பண்ணப்போற?"

"தெரியலக்கா. பிடிப்போம்."

அரை மணி நேரம் ஆட்டைத் துரத்தினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எட்டுப் பக்கம்! ராத்திரி யோசித்துப் பார்த்தால், மூணு பேரும் அன்றைக்குச் சத்தமாகச் சிரித்தது அந்த அரை மணி நேரம்தான். நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை: கதையை எழுதி வைக்காதீர்கள். ஒரு இடம், ஒரு தடங்கல், அங்கே நிற்கிற ஆள் ஒருத்தருக்கு ஒரு ஆசை. அரைப் பக்கம் போதும். மிச்சத்தை அவர்கள் கொண்டுவருவார்கள், ஆட்டையும் சேர்த்து.

மறுநாள் மறுபடி உட்கார்ந்தோம். இப்போது நெட் இல்லை, போனில் பகடையும் உருளவில்லை. அத்தை பொண்ணு கீழே ஓடிப்போய் அப்பத்தாவின் தாயக்கட்டையை எடுத்து வந்தாள். பித்தளைக் கட்டை இரண்டு. நாலு பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி, ஒரு பக்கம் வெறுமை. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. உங்களுக்குத் தெரியாததில்லை.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இரண்டு கட்டைக்கு மொத்தம் பதினாறு விழுகை. அதில் மூன்று அல்லது அதற்கு மேல் வருவது பதினொன்று, அதாவது 69 சதவிகிதம். நாலு அல்லது அதற்கு மேல் ஏழு, 44 சதவிகிதம். ஐந்து அல்லது அதற்கு மேல் நாலு, 25 சதவிகிதம். ஆக, சுலபமான காரியத்துக்கு மூன்று, நடுத்தரத்துக்கு நாலு, கஷ்டத்துக்கு ஐந்து. திருமயம் மதிலுக்கு இருபது முகப் பகடை கொடுத்த 45 சதவிகிதத்தோடு நம்ம தாயக்கட்டையின் 44 எவ்வளவு அழகா ஒத்துப்போகுது பாருங்க! பன்னிரண்டு விழுந்தால் கேட்டதைவிட அதிகம் நடக்கும். தாயம் விழுந்தால் எதிர்பாராத வில்லங்கம். பாத்திரத்துக்கு நன்றாக வருகிற வேலை என்றால் விழுந்ததோடு ஒன்று கூட்டிக்கொள்ளலாம். விதிப் புத்தகம் முடிந்தது, ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிவிடலாம்.

மூன்று பேரும் மதில் ஏற முயற்சி பண்ணினார்கள். விழுந்தார்கள். மறுபடி ஏறினார்கள். மறுபடி விழுந்தார்கள். வடகம் காயவைக்க வந்திருந்த அப்பத்தா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றது.

"ஏன்டி, வாசல்ல ஆளு நிக்கிதா?"

"நிக்கிது அப்பத்தா. ரெண்டு காவக்காரன்."

"ராத்திரி முச்சூடும் நிக்கிறவன் பசியோட இருப்பான்ல. ரெண்டு இட்லியக் குடுத்துட்டு உள்ள போங்கடா. இதுக்குப் போயி செவுத்துல ஏறிக்கிட்டு."

அதுதான் ஆர்.பி.ஜி. அப்பத்தாவுக்கு ஒரு விதியும் தெரியாது. ஹெச்.பி தெரியாது, டன்ஜன் மாஸ்டர் தெரியாது. அந்தக் காவலாளி அதற்கு ஒரு ஆளாகத் தெரிந்தான், அவ்வளவுதான். கட்டையை அதன் கையிலேயே கொடுத்தோம். நாலு விழுந்தது. கதவு திறந்தது. வடகத்தை மறந்துவிட்டு "அப்பறம்?" என்று உட்கார்ந்துவிட்டது.

திருக்களம்பூர் காடு

மூன்றாம் நாள் கொஞ்சம் வேறு மாதிரி போனது.

புதுக்கோட்டைப் பசங்க வெளியூர் ஹாஸ்டலில் சேர்ந்தால் முதல் வாரத்திலேயே ஒரு நக்கல் வரும். 'கட்டபொம்மனைக் காட்டிக்கொடுத்த ஊர்தானே நீங்க?' 1799-ல் பாஞ்சாலங்குறிச்சி விழுந்தபிறகு கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமையில் திருக்களம்பூர் காட்டில் இருந்தபோது, தொண்டைமானின் ஆட்கள் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் தூக்கு. அதற்குப் பிறகு இருநூறு வருஷமாக ஊர்ப் பெயரோடு இந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொண்டைமானுக்கு வேறு வழி இருந்ததா என்று இன்றைக்கும் ஆய்வாளர்கள் சண்டை போடுகிறார்கள்.

சித்தி பையன் ஹாஸ்டலில் இதை நிறையக் கேட்டிருக்கான் போல. அவன்தான் கேட்டான், "அக்கா, அதை ஆடலாமா?"

எனக்குத் தயக்கம். நிஜ மனிதர்கள், நிஜ சாவு. அதனால் ஆரம்பிக்கும் முன்னால் பேசிக்கொண்டோம். யாரும் ராஜாவாகவோ கட்டபொம்மனாகவோ ஆடக்கூடாது. யாரையும் கேலி பண்ணக்கூடாது. யாருக்காவது கஷ்டமாக இருந்தால் 'நிறுத்து' என்று சொன்னால் போதும், காரணம் கேட்கமாட்டோம். மேஜை ஆட்டக்காரர்கள் இந்த மாதிரிப் பேச்சை ஆட்டத்துக்கு முன்பே வைத்துக்கொள்வது வழக்கம். புது ஆட்களோடு உட்காரும்போது, முக்கியமாகப் பெண்கள் தெரியாத குழுவில் சேரும்போது, இதைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். முகம் சுளிக்கிற குழு என்றால் எழுந்து வந்துவிடலாம்.

மூன்று பேரும் தொண்டைமான் படையின் சாதாரண வீரர்கள். மாதச் சம்பளம், வீட்டில் பிள்ளைகுட்டி. காட்டில் அடுப்புப் புகை தெரிகிறது. யார் என்று ஊருக்கே தெரியும். தலைவன் 'போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்' என்று அனுப்பியிருக்கிறான். என்ன செய்கிறீர்கள்?

அத்தை பொண்ணு உடனே, "புகையே பாக்கலன்னு சொல்லிடுவேன்" என்றாள். பக்கத்து வீட்டுத் தம்பி, "அப்போ நாளைக்கு வேற ஆளை அனுப்புவாங்க. நம்ம மூணு பேரையும் சேர்த்துத் தூக்குவாங்க" என்றான். இரண்டு பேரும் பத்து நிமிஷம் நிஜமாகவே சண்டை போட்டார்கள். நாரதரும் வள்ளியும் தோற்றார்கள் போங்க. யாரும் கட்டையைத் தொடவில்லை. இந்த இடத்தில் உருட்ட ஒன்றுமில்லை.

சித்தி பையன் மட்டும் பேசவே இல்லை. ரொம்ப நேரம் கழித்து, "நான் புகை வர்ற பக்கம் போறேன்க்கா" என்றான்.

"போயி?"

"தெரியலக்கா. தண்ணி எடுத்துட்டுப் போறேன்."

கீழே சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் அவனுக்கு பஸ். மிச்சத்தைப் பொங்கல் லீவில் ஆடலாம் என்று சொல்லியிருக்கிறோம். தாயக்கட்டை ஒன்றைக் காணோம் என்று அப்பத்தா தேடிக்கொண்டிருக்கிறது. அவன் பையில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.